பன்னெண்டு வோல்ட்டு ஊரு

பாத்து, பாத்து! காலை இந்தப் பக்கம் நீட்டாதிய சார், பெட்டியில வீடு இருக்கு. ஆமா, வீடுதான். கதவு, சன்னல், கூரை, புகைபோக்கி எல்லாம் வச்ச வீடு. என்ன சிரிக்கிய? உக்காருங்க, நான் மடியில தூக்கி வச்சுக்கிடுதேன். இந்த வண்டியில உக்கார எடம் கெடச்சதே பெரிய காரியம். நீங்க எது வரைக்கும்? உவரியா? நான் மணப்பாடு. எனக்குப் பெறகுதான் எறங்குவிய. நல்லதாப் போச்சு. ஒரு மனுசன்கிட்ட வாயைத் தெறந்து பேசி எத்தனையோ நாளாச்சு. வீட்டுல இருக்கவ பேசமாட்டேங்கா.

பேரு கஸ்பார். சொந்த ஊரு தூத்துக்குடி. கப்பல்ல எலக்ட்ரீசியனா இருந்தேன். இந்தியில பத்தின்னா லைட்டு, அதனால கரண்டு வேலை பாக்குற ஆளை கப்பல்ல பத்தி சாப்னு கூப்பிடுவான். கேப்டனா இருந்தாலும் ரூம்ல லைட்டு எரியலன்னா பத்தி சாப், பத்தி சாப்னு வந்து நிக்கணும். நடுக்கடல்ல ஜெனரேட்டர் நின்னு போயி, கப்பல் மொத்தமும் இருட்டாக் கெடந்தப்ப அதைத் தட்டி எழுப்புன கை சார் இது. இந்தக் கையில ஒரு பீங்கான் வீட்டைக் குடுத்து, போயி ஒரு பொம்பளைகிட்ட ஒப்படைச்சுட்டு வாங்கன்னு அனுப்பிருக்கா என் வீட்டுக்காரி. காலக் கொடுமையைப் பாருங்க.

மொதல்லருந்து சொல்லுதேன், அப்பத்தான் உங்களுக்கு வெளங்கும். வெள்ளைக்காரன் ஊருல கிறிஸ்மஸ் வந்தா கடையில இந்தச் சின்ன வீடுக விப்பான். பீங்கான்ல செஞ்சது. உள்ள ஒரு பல்பு, சன்னல் வழியா வெளிச்சம் தெரியும். கூரையில பனி பெஞ்ச மாதிரி வெள்ளை பூசிருப்பான். ஹாம்பர்க்ல ஒண்ணு, ஆன்ட்வெர்ப்ல ஒண்ணுன்னு லீவுக்கு வரும்போதெல்லாம் எமல்டாவுக்கு ஒண்ணு கொண்டு வருவேன். எமல்டாதான் என் வீட்டுக்காரி. மத்தவன்லாம் சென்ட்டு, சாக்லேட்டு, கம்பளின்னு கொண்டு வருவான். தூத்துக்குடியில கம்பளியைப் போத்திக்கிட்டு எங்க போக? கூறுகெட்ட பயலுக. நான் வீடு கொண்டு வந்தேன். பேக்கரி, தபாலாபீஸு, ஒரு கோயிலு, அப்புறம் குடியிருக்க வீடுகன்னு சேந்து சேந்து ஒரு ஊரே ஆயிப்போச்சு. டிசம்பர் வந்தா எமல்டா முன் வராண்டாவுல குடில் போடுவா. நடுவுல மாட்டுக்கொட்டில், மாதா, சூசையப்பரு. சுத்தி என் ஊரு.

அவ பண்ண காரியத்தைக் கேளுங்க. பனிக்கு என்ன செய்வா? உப்பளத்துலருந்து கல்லுப்பு வாங்கியாந்து பரப்பிருவா. பாக்க பனி மாதிரியேதான் இருக்கும், இல்லங்கல. ஆனா அதுக்கு அடியில ஓடுறது என்ன? இருநூத்தி முப்பது வோல்ட்டு! கடக்காத்து அடிக்கிற ஊருல உப்பு சும்மா இருக்குமா? தண்ணி விடும். வயரு ஜாயின்ட்டு எல்லாம் பச்சை பூத்துப் போயி கெடக்கு. அந்த ஜாயின்ட்டுல சுத்திருந்தது டேப்பு இல்ல சார், பிளாஸ்திரி. கால்ல புண்ணு வந்தா ஒட்டுவோம்லா, அந்த பிளாஸ்திரி! ஒரு பிளக்குல ஒம்பது வயரு. ஒருதடவ எங்க வீட்டுப் பூனை தபாலாபீஸுல மூஞ்சியை வச்சு, ஒரே பாய்ச்சல்ல கூரைக்குப் போயிட்டு. நான் கப்பல்ல கெடந்த இத்தனை வருசமும் இவ வீட்டைக் கொளுத்திக்கிடாம இருந்ததே மாதா புண்ணியம்.

போன வருசம்தான் நான் கப்பலுக்குக் கும்பிடு போட்டுட்டு கரைக்கு வந்தது. எங்க பங்குக் கோயில்ல குடில் போட்டி வைப்பாவ. சாமியார் அனுப்புன ஆளுக வீடு வீடா வந்து பாத்து மார்க்கு போடுவாவ. அதுல ஒருத்தன் காலேஜு புரொபசராம். எங்க குடிலைப் பாத்துட்டு, “என்ன, பாதி ஊருல பவர் கட்டா?”ன்னு கேக்கான். கூட வந்தவன்லாம் சிரிக்கான். எனக்கு எப்படி இருக்கும்? பத்தி சாப் வீட்டுல பவர் கட்டு! அப்பத்தான் நானும் நல்லாப் பாக்கேன். சில வீடு எரியுது, சில வீடு எரியல. பல்பு பியூஸா இருக்கும்னு ஒண்ணைத் திருகப் போனேன். எமல்டா என் கையைத் தட்டிவிட்டா. “அது பியூஸ் இல்ல, அருளம்மா வீடு. அவ வீட்டுக்காரர் இன்னும் வரல”ங்கா.

எனக்கு ஒண்ணுமே புரியல. பெறகு கேட்டாத்தான் தெரியுது, பெரிய கூத்து நடந்திருக்கு நான் இல்லாதப்ப. எங்க தெருவுல வீட்டுக்கு ஒருத்தன் கப்பல்ல இருப்பான், இல்ல தோணியில இருப்பான், இல்ல கல்ஃப்ல, கப்பலைக் கட்டி இழுக்குற டக்போட்டுல இருப்பான். இந்தப் பொம்பளைக என்ன பண்ணிருக்காளுக, என் ஊருல உள்ள வீட்டை ஆளுக்கொண்ணாப் பங்கு வச்சுக்கிட்டாளுக. பேக்கரி அருளம்மாவுக்கு. தபாலாபீஸு ஹில்டாவுக்கு. ஒவ்வொரு வீட்டு வயருலயும் தனி சுவிட்சு உண்டு. புருசனோ மகனோ பத்திரமா வந்து சேந்துட்டாம்னா, இல்ல போன்ல கூப்பிட்டு இன்ன எடத்துல இருக்கேன்னு சொல்லிட்டாம்னா, அவளே வந்து அவ வீட்டு சுவிட்சைப் போடுவா. அது வரைக்கும் அந்த வீடு இருட்டுதான். வேற எவளும் தொடக் கூடாதாம். ஒருத்தி சுவிட்சைப் போட்டா மத்தவளுக எல்லாம் கூடி நின்னு ஒரு செபம், பெறகு காப்பி. இது எந்த வேதத்துல இருக்குங்கேன்? எந்தச் சாமியார் சொன்னாரு?

இதை ஆரம்பிச்சு வச்ச புண்ணியவதி யாருன்னு நெனைக்கிய? எமல்டாதான். எப்பவோ ஒரு வருசம், கல்யாணமான புதுசு, நான் கிறிஸ்மஸுக்கு வந்துருவேன்னு சொல்லிருந்தேன். கப்பலு சூயஸ்ல மாட்டிக்கிட்டு. என்ஜின் கோளாறு, மாசக் கணக்கா கெடந்தோம். எனக்கு என்ன, நான் நல்லா சாப்பிட்டுட்டு சீட்டு வெளையாடிக்கிட்டுத்தான் இருந்தேன். போன் பண்ணலாம்தான், கரையில போயி வரிசையில நிக்கணும், கார்டு வாங்கணும், எவன் போவான்? எப்படியும் ஊருக்குத்தான வரப் போறோம். அதுக்கு இவ ஒரு வீட்டை அணைச்சு வச்சுக்கிட்டு, எதுத்த வீட்டுக்காரி ராவெல்லாம் இவகூட உக்காந்துக்கிட்டு, பெரிய நாடகம். நான் வந்து எறங்கி, பெட்டியை வச்சுட்டு “சோறு இருக்கா?”ன்னு கேக்கேன், இவ ஓடிப் போயி ஒரு சுவிட்சைப் போடுதா. பிப்ரவரி மாசம் அது. பிப்ரவரியில எவளாவது குடில் வச்சிருப்பாளா? அப்பவே எனக்குத் தெரிஞ்சிருக்கணும்.

அன்னைக்கு இவகூட உக்காந்திருந்த எதுத்த வீட்டுக்காரிதான் தெக்லா. இந்தப் பெட்டியில இருக்கது அவ பங்கு வீடு. மஞ்சச் செவரு, பச்சைக் கதவு, கோயிலுக்குப் பக்கத்துல வைக்கிறது. புருசன் செத்து ரொம்ப வருசமாச்சு. ஒத்த மகன், ரெமி. கல்ஃப்ல ஏதோ டக்போட்டு கம்பெனி, பேரைக் கேட்டாலே ஏமாத்துக் கம்பெனின்னு தெரியும். நான் அன்னைக்கே சொன்னேன், ஏலே, நம்ம ஊரு ஏஜெண்டை நம்பிப் போகாதலேன்னு. கேட்டானா? போனான். ரெண்டு தடவ காசு அனுப்புனான். இந்த வருசம் மழைக்கு முந்தி ஒருநா பேசுனானாம், அதோட சரி. கம்பெனிக்கு அடிச்சா மணி போயிக்கிட்டே இருக்கு. ஏஜெண்டு போனை எடுக்கதே இல்ல. எம்பசிக்கு எழுதிப் போட்டாவ. ஒண்ணும் தெரியல. இருக்கானா இல்லையான்னே தெரியல சார்.

இந்த நேரத்துலதான் நான் வேலையை ஆரம்பிச்சேன். இந்த வருசம் எவனும் பத்தி சாப் வீட்டைப் பாத்து பவர் கட்டான்னு கேக்கக் கூடாது, அவ்வளவுதான் என் எண்ணம். அக்டோபர்லயே எல்லா வீட்டையும் எறக்கித் துடைச்சு வச்சாச்சு. பழைய ஹோல்டர், பல்பு, அந்த நாத்தம் புடிச்ச வயரு எல்லாத்தையும் பிடுங்கி எறிஞ்சேன். இனிமே பன்னெண்டு வோல்ட்டு. உப்பைக் கொட்டு, தண்ணியைக் கொட்டு, பூனை நக்கட்டும், ஒண்ணும் பண்ணாது. எல்ஈடி ஸ்ட்ரிப்பை வெட்டி வீட்டுக்கு ஒரு துண்டு, உள்ள கூரைக்குக் கீழ ஒட்டி, மெல்லிசு வயரு இழுத்து, ஒவ்வொண்ணையும் ஈயம் வச்சுப் பத்த வச்சேன்.

சும்மா இல்ல சார், நெறைய பாடு இருக்கு அதுல. மொதல்ல வாங்குனது வெள்ளை லைட்டு. மாட்டிப் பாத்தா ஊரு மொத்தமும் ஆஸ்பத்திரி மாதிரி இருக்கு. எமல்டா பாத்துட்டு, “பேக்கரியில ஆப்பரேசனா பண்ணப் போறாவ?”ன்னா. சரின்னு எல்லாத்தையும் பிடுங்கி மஞ்ச லைட்டா மாத்துனேன். அப்ப பாத்தா, வெளிச்சம் சன்னல்ல வராம செவத்து வழியா வருது. பீங்கான் மெல்லிசுலா! வீடே தீப்பிடிச்ச மாதிரி செவக்குது. உள்ள சுத்தி சிகரெட்டு அட்டையில வர்ற வெள்ளித்தாளை ஒட்டுனேன். பெறகுதான் சன்னலு சன்னலா எரிஞ்சுது. அதுக்கப்புறம் கடைசியில உள்ள வீடுகளுக்கு கரண்டு சரியாப் போகாம மங்கலா எரிஞ்சுது. லைனுக்கு ரெண்டு பக்கமும் சப்ளை குடுத்தேன். ஒரே அடாப்டரு, ஒரே சுவிட்சு. அதுக்கும் ரிமோட்டு! நாற்காலியில உக்காந்தவாக்குல ஊரையே எரிய வைக்கலாம், அணைக்கலாம். கடைக்காரன் நம்பவே இல்ல. “நீங்களாவா செஞ்சிய?”ங்கான். இல்ல, உங்க தாத்தா வந்து செஞ்சு குடுத்தாரு.

எமல்டா எல்லாத்தையும் பாத்துக்கிட்டு நின்னா. பாராட்டுவான்னு பாக்கேன். “சுவிட்சு எங்க?”ங்கா. “இந்தா, ரிமோட்டு”ன்னேன். “ஆளாளுக்கு இருந்த சுவிட்சு எங்க?”ங்கா. எனக்கு வந்தது ஒரு கோவம். ரெண்டு மாசமா கண்ணு முதுகுன்னு பாக்காம ஒருத்தன் உக்காந்து செஞ்சிருக்கான், இவளுக்கு சுவிட்சுதான் முக்கியம். “மத்தவளுக வீடு எல்லாம் எப்படியும் போகட்டும். அவங்க ஆளுக எல்லாம் பேசிட்டாவ. தெக்லா வீட்டுக்கு மட்டும் தனியா ஒரு சுவிட்சு வச்சுக் குடுங்க”ன்னு கேட்டா.

ஒரு சுவிட்சு வைக்க என்ன சார், கண்ணை மூடித் தெறக்குற நேரத்து வேலை. ஆனா ஏன் வைக்கணும்? நடுவுல, கோயிலுக்குப் பக்கத்துல, மாட்டுக்கொட்டிலுக்கு நேர் பின்னால ஒரு வீடு மட்டும் இருட்டாக் கெடந்தா எப்படி இருக்கும்? பல்லு விழுந்த மாதிரி இருக்காது? அந்த புரொபசரு கண்ணு நேரா அங்கதான் போகும். “முடியாது, லைனு அப்படி”ன்னுட்டேன். “அப்ப அந்த வீட்டை எடுத்துருங்க”ங்கா. அதையும் எப்படி எடுக்க? அந்த வீட்டுக்குப் பின்னாலதான் எல்லா ஜாயின்ட்டையும் மறைச்சு வச்சிருக்கேன். எடுத்தா வயரு எல்லாம் குடல் மாதிரி வெளிய தெரியும். “நீங்க அவகிட்ட ஒரு வார்த்தையாவது சொல்லிருங்க, எல்லாம் ஒண்ணா எரியும்னு”ன்னா. சொல்லுதேன்னேன். எனக்கு அன்னைக்கு ஆயிரம் வேலை. பொம்பளைக சமாச்சாரம், பொம்பளைகளே சொல்லிக்கிட வேண்டியதுதான?

போட்டி அன்னைக்குப் பொழுது சாய ஆளுக வந்தாவ. அதே புரொபசரு. நான் வெள்ளை வேட்டி கட்டி, கையில ரிமோட்டோட நிக்கேன். வராண்டா லைட்டை அணைக்கச் சொன்னேன். “பாத்துக்கிடுங்க”ன்னுட்டு அமுக்குனேன் சார். ஒரே அமுக்கு! கோயிலு, பேக்கரி, தபாலாபீஸு, அத்தனை வீடும் பொசுக்குன்னு எரியுது. ஒரு வீடு பாக்கி கெடையாது. கீழ உப்பு எல்லாம் மஞ்சளா மின்னுது. புரொபசரு வாயைப் பொளந்துட்டான். “அடேயப்பா”ங்கான். நான் என்னத்துக்குச் சிரிக்க, சும்மா மீசையைத் தடவிக்கிட்டு நின்னேன்.

அப்பத்தான் எதுத்த வீட்டுலருந்து தெக்லா வாறா. முந்திரிக்கொத்துப் பலகாரத்துக்கு மாவு கரைச்சுக்கிட்டு இருந்திருக்கா போல, கையெல்லாம் மாவு. கால்ல செருப்பு இல்ல. ஓடி வாறா. சிரிச்சுக்கிட்டே ஓடி வாறா சார். அந்தப் பொம்பளை அப்படிச் சிரிச்சு நான் பாத்ததே இல்ல. நான் என்ன நெனச்சேன், நம்ம வேலையைப் பாத்துட்டுத்தான் இவளுக்கு இம்புட்டு சந்தோசம்னு நெனச்சேன். “எப்படி இருக்கு?”ன்னு வேற கேட்டுட்டேன்.

அவ என்னைத் திரும்பியே பாக்கல. நேரா எமல்டாகிட்ட போயி, மாவுக் கையோட அவ ரெண்டு கையையும் பிடிச்சுக்கிட்டா. “பேசிட்டானா? உனக்கா போன் பண்ணான்? என் போனு சார்ஜு இல்லாமக் கெடக்குடி, பாவி நான், கவனிக்கல. எங்க இருக்கானாம்? சாப்புட்டானாமா?”ங்கா.

எமல்டா என் மூஞ்சியைப் பாக்கா. செவரு மாதிரி நிக்கா. அவதான் உயிருக்குயிரான சிநேகிதி, அவ சொல்லக் கூடாது? யாராவது ஒருத்தரு பதில் சொல்லணும்லா? நான்தான் சொன்னேன். “ஏம்மா, போனெல்லாம் ஒண்ணும் வரல. இது எல்ஈடி. ரிமோட்டுல எல்லாம் ஒண்ணாத்தான் எரியும்”னேன். தப்பாவா சொன்னேன்? உள்ளதைத்தான சொன்னேன்.

அவளுக்கு ஏறல. “அப்ப என் வீட்டு லைட்டைப் போட்டது யாரு?”ங்கா. “நான்தான்”னேன். “அப்ப உங்ககிட்டயா அண்ணே பேசுனான்?”ங்கா. மூஞ்சியில சிரிப்பு இன்னும் போகல. இதுக்கு மேல எப்படி வெளங்க வைக்க? “யாரும் பேசல. உன் மகன் பேசல. நான் சும்மா சுவிட்சைப் போட்டேன்”னு சத்தமாச் சொன்னேன், காது கேக்காதவகிட்ட சொல்லுத மாதிரி.

அப்படியே உக்காந்துட்டா. தரையில இல்ல, குடிலுக்கு உள்ள, உப்பு மேல. ரெண்டு பொம்மை ஆடு ஒடஞ்சு போச்சு. அழலாம்லா? அழுதா தேவலன்னு இருந்துச்சு. அழல. மாவுக் கையை உப்புல வச்சுக்கிட்டு அந்த வீட்டையே பாத்துக்கிட்டு இருக்கா. பச்சைக் கதவுக்கு மேல ஒரு குட்டிச் சன்னலு உண்டு, நான் அதுக்குன்னே வெள்ளித்தாள்ல ஓட்டை போட்டு அழகா வெளிச்சம் வரவச்சிருந்தேன். அதைப் பாத்துக்கிட்டு இருக்கா.

எமல்டா என்ன பண்ணா தெரியுமா? ரிமோட்டு என் கையிலதான் இருக்கு. அணைங்கன்னு சொன்னா அணைச்சிருப்பேன். சொல்லல. நேரா போயி அந்த வீட்டை ரெண்டு கையாலயும் பிடிச்சு, ஒரே இழுவை. வயரோட பிடுங்கிட்டா. ஜாயின்ட்டு எல்லாம் அந்த எடத்துலதான இருக்கு, மொத்த ஊரும் அணைஞ்சு போச்சு. ரெண்டு மாச வேலை! அந்த புரொபசருக்கு முன்னால! அவன் மெதுவா செருப்பைப் போட்டுக்கிட்டு, “நாங்க அப்புறம் வாறோம்”னுட்டுப் போயிட்டான். எங்க வர? ஆறுதல் பரிசுன்னு ஒரு பிளாஸ்டிக் வாளி குடுத்து விட்டாவ. நான் அதைத் தொடவே இல்ல.

மறுநா காலையிலருந்து ஒவ்வொருத்தியா வாறா. அருளம்மா வந்து பேக்கரியைத் தூக்கிட்டா. ஹில்டா தபாலாபீஸை எடுத்துக்கிட்டா. என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கணுமே? யாரு வாங்கிட்டு வந்தது? எவன் காசு? நான் நாற்காலியில உக்காந்திருக்கேன், என்னைத் தாண்டிப் போயி எடுக்காளுக, தாண்டி வாறாளுக. நான் ஒட்டுன ஸ்ட்ரிப்பைக் கிழிச்சுப் போட்டுட்டு, உள்ள மெழுகுத்திரி வச்சு அவங்கவங்க சன்னல்ல வச்சிருக்காளுக. எல்ஈடி இருக்கும்போது மெழுகுத்திரி! இவளுகளை என்ன செய்ய? இந்தக் கிறிஸ்மஸுக்கு எங்க வராண்டாவுல வெறும் உப்புதான் கெடந்துச்சு.

தெக்லா அன்னையிலருந்து சோறு தின்னலியாம். கதவைத் தெறக்கல. கோயிலுக்கு வரல. மணப்பாட்டுல உள்ள அவ அக்கா வந்து கூட்டிட்டுப் போயிட்டா. எனக்கும்தான் அன்னைக்கு ராத்திரி சோறு எறங்கல, யாரு கேட்டா? கண்ணை மூடுனா அந்தச் சிரிச்ச மூஞ்சி வருது. வாயுக் கோளாறா இருக்கும், இந்த வயசுல வரும்.

எமல்டா என்கிட்ட பேச்சை நிறுத்திட்டா. சோத்தை வைப்பா, போயிருவா. நேத்துதான் வாயைத் தெறந்தா. இந்த வீட்டைக் கொண்டாந்து என் முன்னால வச்சா. “பழைய ஹோல்டரைப் போடுங்க, பழைய சுவிட்சைப் போடுங்க. கொண்டு போயி அவ கையில குடுங்க. குடுத்துட்டு ஒரு வார்த்தை சொல்லிட்டு வாங்க”ங்கா. “என்ன வார்த்தை?”ன்னு கேட்டேன். “அதையும் நானா சொல்லித் தரணும்?”னுட்டு உள்ள போயிட்டா. பாத்தியளா பேச்சை. கேப்டன்கூட என்கிட்ட அப்படிப் பேசுனதில்ல.

நான் என்ன மடையனா, எடுத்த வேலையைத் திருப்பிக் கெடுக்க? பழைய ஹோல்டரு, பழைய சுவிட்சு, போய்யா. அதெல்லாம் இல்லாம புதுசா ஒண்ணு செஞ்சிருக்கேன். எமல்டாவுக்குத் தெரியாது. இதுக்கு இனிமே வயரே வேண்டாம் சார். அடியில சதுர பேட்டரி ஒண்ணு. கூரையில பட்டாணி சைஸுல ஒரு சென்சாரு வச்சிருக்கேன், கண்ணுக்கே தெரியாது. வெளிச்சம் பட்டா அணைஞ்சுரும், இருட்டுனா தானா எரியும். சுவிட்சே கெடையாது. அவ ஒண்ணும் செய்ய வேண்டாம், யாரும் தொட வேண்டாம். சாயங்காலமானா பளிச்சுன்னு எரியும், விடியக்காலம் தானா அணையும். ஒவ்வொரு நாளும்! வருசம் பூரா! பேட்டரி தீந்தா நானே வந்து மாத்திக் குடுப்பேன். இதை அவ முன்னால வச்சா போதும், ஒரு வார்த்தையும் வேண்டாம், அவளுக்கே புரிஞ்சுரும். இப்பக்கூட எரிஞ்சுக்கிட்டுத்தான் இருக்கு. பெட்டிக்குள்ள இருட்டுலா? இந்தா, இந்த ஓட்டை வழியாப் பாருங்க. தெரியுதா? அந்தக் குட்டிச் சன்னலு தெரியுதா?

என்ன சார் கேக்கிய, ரெமி பேசிட்டானான்னா? இன்னும் இல்ல, அதுக்கும் இதுக்கும் என்ன?

சரி, மணப்பாடு வந்துட்டு. அந்தா, கோயிலு தெரியுது. அந்தா ஸ்டாப்புல நிக்கா பாருங்க, சேலைத் தலைப்பைத் தலையில போட்டுக்கிட்டு, அவதான் தெக்லா. பக்கத்துல அவ அக்கா. எமல்டா போன் பண்ணி, உன் வீடு வருதுன்னு சொல்லிருக்கா. எம்புட்டு மெலிஞ்சு போயிட்டா! சார், இந்தப் பெட்டியைக் கொஞ்சம் பிடிங்க, மேல உள்ள பையை எடுத்துக்கிடுதேன். பாத்து, சாய்க்காதிய. இந்தா எடுத்துட்டேன், குடுங்க.

குடுங்க சார். என்ன, மூடியைத் தெறக்கிய? வெளிய பொழுது அடைஞ்சுட்டு, தெறந்தாலும் எரியத்தான் செய்யும். சார், கையை உள்ள விடாதிய. சார்! அது பேட்டரி சார், என்ன பண்ணுதிய? ஏங்க, பிடுங்கிட்டியளே! பைக்குள்ள வேற போடுதிய! கொஞ்சமாவது கூறு இருக்கா உமக்கு? படிச்ச ஆளு மாதிரி இருக்கீரு! பேட்டரியைக் குடும்யா. இந்தாரும் கண்டக்டரு, விசிலை அடிக்காதீரும், இந்த ஆளு என் பேட்டரியை எடுத்து வச்சுக்கிட்டாரு. எறங்குதேன்யா, எறங்குதேன், தள்ளாதிய. சார், அவ பாக்கா சார், கிட்ட வாறா. குடுங்க சார், உங்களைக் கும்பிட்டுக் கேக்கேன். வெறும் இருட்டு வீட்டைக் கையில குடுத்துட்டு நான் அவகிட்ட என்னத்தைச் சொல்ல?